கடைசியில் ஆறும் இடம்

வாசலில் ஆடு தாண்டினால் மட்டும்தான் ராசாத்தியின் கால் நிற்கும். தையல் மிஷினின் மிதி பாதிச் சுற்றில் நின்றுவிட, எழுந்து வெளியே போய், ஆட்டின் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, இரண்டு கண்களையும் மாறி மாறிப் பார்ப்பார். காரைக்கால் தருமபுரத்து ஆடுகளுக்கு இது பழகிவிட்டது. முடிவில் ஒரு வாழைப்பழத் தோல் கிடைக்கும் என்பதால் அவையும் பொறுமையாக நிற்கும். பார்த்து முடித்ததும், "ம்ஹும். நீ போ" என்று முதுகில் ஒரு தட்டு. திரும்பி வந்து உட்கார்ந்தால் ரவிக்கைக் கை விட்ட இடத்திலிருந்து ஓடத் தொடங்கும்.

ஆடு என்றில்லை. மாடு, பூனை, தெரு நாய், யார் வீட்டுக் கூண்டிலாவது இருக்கும் கிளி. ஒருமுறை ஊர்வலத்துக்கு வந்த யானையின் பக்கத்தில் போய் அண்ணாந்து நின்று பாகனிடம் திட்டு வாங்கினார். எல்லாவற்றையும் ஒரே மாதிரிதான் பார்ப்பார். பஸ்ஸிலிருந்து இறங்கும் கூட்டத்தில் தெரிந்த முகத்தைத் தேடுகிறவர் பார்ப்பதுபோல.

மற்ற நேரத்தில் அந்தக் கால் ஓயாது. மிஷின் இல்லாத இடத்திலும் வலது பாதம் குதிகாலும் விரலுமாக மிதித்துக்கொண்டே இருக்கும். பேங்க் வரிசையில், பஸ்ஸில், ஆஸ்பத்திரி பெஞ்சில். நான் முப்பத்திரண்டு வருடம் நர்ஸ் வேலை பார்த்தவள். முதலில் நரம்புக் கோளாறு என்றுதான் நினைத்தேன். தூக்கத்தில் நிற்கிறதா என்று அவருடைய கணவர் தெட்சிணாமூர்த்தியிடம் கேட்டேன். "அவ தூங்குனாத்தானே தெரியும்" என்றார் அவர்.

தெட்சிணாமூர்த்தி மின்துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறியது, கேலி குறையவில்லை. வீட்டோடு கிடக்கும் நோயாளிகளைப் போய்ப் பார்க்கும் சிறு குழு ஒன்றில் நான் இருக்கிறேன். ஓய்வு பெற்றபின் வீட்டில் உட்கார முடியாமல் சேர்ந்தது. மூன்று வருடம், வாரத்துக்கு மூன்று நாள் அந்த வீட்டுக்குப் போனேன். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளைப் புரட்டிப் போட வேண்டும். எங்கே பிடிப்பது, எங்கே தலையணை கொடுப்பது என்று ஒரு முறைதான் காட்டினேன். "அளவு எடுக்குற மாதிரிதானே சிஸ்டர்" என்றார் ராசாத்தி. மூன்று வருடத்தில் அந்த மனிதர் முதுகில் ஒரு சிவப்புகூட விழவில்லை. நான் போய்வந்த வீடுகளில் இப்படிச் சொல்ல முடிந்தவை இரண்டோ மூன்றோதான்.

தெருவில் அவருக்கு சைகோன் அக்கா என்று பெயர். அப்பா காரைக்காலிலிருந்து பிழைக்கப் போய் சைகோனில் துணிக்கடையில் நின்றவர். அம்மா லான், அந்த ஊர்ப் பெண். பிரெஞ்சுக்காரர் காலத்தில் அப்படிப் போன குடும்பங்கள் நிறைய என்பதால் இங்கே இதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. ராசாத்திக்குப் பதினோரு வயதில் அம்மா இறந்தார். பதினைந்து வயதில் அப்பாவோடு இங்கே வந்து இறங்கினார். இப்போது அறுபத்து நாலு. கண்கள் அம்மாவுடையவை, பேச்சு முழுக்க நம் பேச்சு. அம்மாவின் மொழியில் அவரிடம் மிச்சமிருப்பது சில கெட்ட வார்த்தைகளும் ஒரு மந்திரமும். விரலில் ஊசி ஏறினால் முதலில் கெட்ட வார்த்தை வரும், பின்னாலேயே மந்திரம் வரும். "நாம் மோ ஆ யீ தா ஃபத்." அளவில்லாத ஒளியுள்ள புத்தருக்கு வணக்கம் என்று பொருளாம். பீரோவின் மேல் அந்தப் புத்தர் சட்டம் போட்ட படமாக நிற்கிறார். பக்கத்துச் சுவரில் கணவருடைய முருகன் காலண்டர். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அந்த வீட்டில் மீன் கிடையாது. இரண்டு பேருடைய சாமிக்கும் அது ஒத்துப்போயிற்று.

நான் போகத் தொடங்கி ஒரு வருடம் ஆகியிருக்கும். ஒருநாள் துணியில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்.

"சிஸ்டர், இவரு போறப்ப நீங்க இருப்பீங்கல்ல?"

"முடிஞ்சா இருப்பேன். ஏன்?"

"மூச்சு நின்னதுக்கப்புறம் எட்டு மணி நேரம் யாரும் தொடக் கூடாது. அழுவுறவங்க கண்ணீரு மேல விழக் கூடாது. நான் ஒருத்தியா நின்னு தடுக்க முடியாது. நீங்கதான் பாத்துக்கணும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. உயிர் பிரிந்ததும் கண்ணை மூட வேண்டும், தாடையைக் கட்ட வேண்டும், கைகால்களை நேராக்க வேண்டும், துடைத்து வேறு துணி உடுத்த வேண்டும். புதிதாக வரும் பெண்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பேன். தாமதித்தால் உடம்பு நம் பேச்சைக் கேட்காது.

"எட்டு மணி நேரத்துல வெறைச்சுப் போயிடும் ராசாத்தி. வாய் தொறந்திருந்தா தொறந்தபடியே நிக்கும். வேட்டியக் கிழிச்சுத்தான் எடுக்கணும். தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா கேக்குறே?"

"மூச்சு நின்னாலும் நெனப்பு ஒடனே போவாதுங்க. மெதுவாத்தான் கழண்டு வரும். அந்த நேரத்துல கை பட்டா திரும்பிப் பாக்கும். யாரு தொட்டா, எதுக்கு அழுவுறான்னு தேடும். திரும்பிப் பாத்துச்சுன்னா போய் எறங்குற எடம் மாறிப் போயிடும்."

"உசுருன்னு சொல்லேன். அதென்ன நெனப்பு?"

"உசுருன்னு ஒண்ணு எங்கள்ல கெடையாது சிஸ்டர்" என்றார். சொல்லிவிட்டு, எனக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும், தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "இது பூரா ஒரே தையல்னுதானே நெனைக்கிறீங்க? கிட்டப் போயிப் பாருங்க. ஒவ்வொண்ணும் தனித்தனி. முன்னாடி உள்ளது இழுத்துப் புடிச்சாத்தான் அடுத்தது ஒக்காரும். நெனப்பும் அப்பிடித்தான். ஒண்ணு முடியுறப்ப அடுத்ததத் தள்ளிவுட்டுட்டுப் போவுது."

"நூல் ஒண்ணுதானே?"

"பாதிக் கை தைக்கிறப்ப பாபின்ல அடிநூலு தீந்து போவுதுல்ல? வேற பாபின் போடுறோம். வேற நூலு. அதுக்காவ தையல் நின்னு போச்சா? அதே கைதான், விட்ட எடத்துலேருந்து போவும். சாவுன்னா பாபின் மாத்துறது, அவ்வளவுதான்."

"அப்ப மறுபடி பொறக்குறது யாரு? செத்தவரா, வேற ஆளா?"

"அவருமில்லே. வேற ஆளுமில்லே." பல்லால் நூலைக் கடித்தார். "எனக்கும் முழுசாத் தெரியாது சிஸ்டர். பதினோரு வயசு வரைக்கும் காதுல விழுந்ததுதான். மீதிய மிஷின்ல ஒக்காந்து நானே யோசிச்சேன்."

அடுத்த முறை போனபோது மிச்சத்தையும் சொன்னார். எட்டு மணி நேரம் கழித்து வீட்டுப் பெரியவர் ஒருவர் உடம்பைத் தொட்டுப் பார்ப்பாராம். எல்லா இடமும் ஆறியபின் எந்த இடத்தில் சூடு மிச்சமிருக்கிறதோ அந்த வழியாக நினைப்பு போயிருக்கிறது என்று அர்த்தம். உச்சந்தலை என்றால் புத்தர் இருக்கும் இடம். கண் என்றால் தேவலோகம். நெஞ்சு என்றால் மறுபடி மனிதப் பிறப்பு. வயிறு என்றால் பசித்த பேய். முழங்கால் என்றால் விலங்கு. உள்ளங்காலை, நரகமாகத்தான் இருக்கும், சொல்லாமல் விட்டுவிட்டார்.

"ஒடம்புல நடுப்பக்கம்தான் கடைசியா ஆறும். நான் எத்தன பேரத் தொட்டிருக்கேன். நீ சொல்றபடி பாத்தா எல்லாரும் பேயாத்தான் பொறக்கணும்" என்றேன்.

"ஊருல பாத்தா அப்பிடித்தானே இருக்கு" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அபூர்வம், அன்று சிரித்தார். பிறகு, சிரிப்பு முகத்திலிருந்து போவதற்குள்ளேயே சொன்னார்: "எங்கம்மாவுக்கு முட்டியில இருந்துச்சு."

கால் வேகமெடுத்தது. ஊசிக்கடியில் துணி இல்லை. வெறும் இரும்பில் ஊசி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"பெரியம்மாதான் தொட்டுப் பாத்தாங்க. தலை சில்லுன்னு இருக்கு, நெஞ்சு சில்லுன்னு இருக்கு, முட்டி ரெண்டும் சூடு. வெலங்குன்னு சொல்லிட்டாங்க. நான்தான் சிஸ்டர் கெடுத்தேன்."

"பதினோரு வயசுப் புள்ள என்னத்தக் கெடுத்துருக்க முடியும்?"

அவர் ஒரு துணியை எடுத்து ஊசிக்கடியில் தள்ளினார். நான் தெட்சிணாமூர்த்தியின் ரத்த அழுத்தத்தைப் பார்க்கப் போய்விட்டேன். ஆட்டின் கண்ணில் ராசாத்தி யாரைத் தேடுகிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஐம்பது வருடங்களாகத் தேடுகிறார். ஓர் ஆடு எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும், அதற்குள் எத்தனை பாபின் மாற்றியிருக்க வேண்டும் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை.

கடலோரக் கருக்களாச்சேரியிலிருந்து மீன் கொண்டுவரும் பெண்ணோடு ராசாத்திக்குத் தீராத வழக்கு. செத்த மீன் வாங்குவார். உயிருள்ள நண்டைக் கண்டால் கூடையோடு வாங்கி, ஈரச் சாக்கில் கட்டி, பஸ் ஏறி, அந்தக் கருக்களாச்சேரிக்கே போய்த் தண்ணீரில் விட்டுவிட்டு வருவார். "நான் புடிக்கிறதும் நீ விடுறதுமா, நமக்கு வேற பொழப்பு இல்லையா அக்கா?" என்று அந்தப் பெண் தலையில் அடித்துக்கொள்வாள். ஒருமுறை ராசாத்தி விட்ட நண்டுகளை அவர் திரும்ப பஸ் ஏறுவதற்குள்ளேயே வேறு யாரோ பிடித்துவிட்டார்கள். அதைச் சொன்னபோது தெட்சிணாமூர்த்தி படுக்கையில் கிடந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அந்த நண்டு இப்ப ஒன்னைத்தான் தேடிக்கிட்டிருக்கும்" என்றார்.

எட்டு மணி நேரத்தைப் பற்றி அவரிடமும் கேட்டாக வேண்டும் என்று நான் சொன்னேன். உடம்பு அவருடையது. பக்கத்து வீட்டு ஆஸியா பீவி கஞ்சி கொண்டுவந்திருந்த ஒரு காலை நேரத்தில், மூன்று பேரும் இருக்கும்போதே கேட்டேன். தெட்சிணாமூர்த்தி என் பக்கம் தலையைத் திருப்பினார்.

"எட்டு மணி நேரம் யாரும் தொட மாட்டீங்களா?"

"ஆமா சார்."

"பொரட்ட மாட்டீங்க?"

"பொரட்ட மாட்டோம்."

"அப்பாடி" என்றார். "ரெண்டு மணிக்கு ஒருக்கா பொரட்டிப் பொரட்டி, தோசைக்குக்கூட இவ்வளவு செய்ய மாட்டாங்க. அவ சொல்றபடியே வுட்டுடுங்க. நான் நிம்மதியாக் கெடக்குறேன்."

ஆஸியா பீவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "எங்கள்ல மவுத்தானா பொழுதோட அடக்கணும் அண்ணே. ஒங்க வீட்டுல என்னமோ புதுசா இருக்கு" என்றார். ராசாத்தி சிரிக்கவில்லை. பாதம் தரையில் மிதித்துக்கொண்டிருந்தது. அவருடைய பயம் எனக்குத் தெரிந்தது. இந்த மனிதருக்கும் சூடு முழங்காலில் நின்றுவிட்டால், இன்னொருவரையும் ஆடு மாடுகளின் கண்ணில் தேட வேண்டியிருக்கும்.

போன மாசியில், காலை ஐந்தரை மணிக்கு போன் வந்தது. "மூச்சு வுட்டு வுட்டு வருது சிஸ்டர்." ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இருபது எண்ணலாம்போல இருந்தது. அந்த மூச்சு எனக்குப் பழக்கம். இரண்டு மணி நேரம், கூடிப்போனால் மூன்று.

இறந்தபின் செய்ய வேண்டியதை எல்லாம் அன்று நான் முன்கூட்டியே செய்தேன். வெந்நீரில் துண்டை நனைத்துத் துடைத்தேன். சிறுநீர்க் குழாயை எடுத்தேன். புது வேட்டி உடுத்தி, கைகால்களை நேராக வைத்து, தலையைக் கொஞ்சம் உயர்த்தி, வாய் திறக்காமலிருக்கத் தாடைக்கடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தேன். ஈ மொய்க்காமல் கொசுவலையைத் தயாராகச் சுருட்டிக் கட்டினேன். வேலைக்கு வந்த நாளிலிருந்து இப்படிச் செய்தது அது ஒருமுறைதான். "சார், இதான் கடைசி. இனிமே பொரட்ட மாட்டோம்" என்று காதருகில் சொன்னேன். கேட்டிருக்கும். காதுதான் கடைசிவரை நிற்கும்.

ராசாத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். ஏழு நாற்பதுக்கு ஒரு மூச்சு வெளியே போயிற்று. அடுத்தது வரவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சொன்னேன். சுட்ட பாத்திரத்தை விடுவதுபோல ராசாத்தி கையை விட்டார். வலையை இறக்கினேன்.

அதற்குப் பிறகு அவர் உட்கார்ந்த நேரத்தைவிட எழுந்த நேரம்தான் அதிகம். பாயில் உட்காருவார், பாதம் மிதிக்கும், எழுந்து கட்டிலைச் சுற்றி வருவார், மறுபடி உட்காருவார். மந்திரம் நிற்கவில்லை. தெரியாமல் கை போய்விடக் கூடாது என்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நடந்தார். எப்படியோ ஓர் ஈ வலைக்குள் புகுந்து தெட்சிணாமூர்த்தியின் கன்னத்தில் உட்கார்ந்தது. ராசாத்தி வெளியே நின்று ஊதினார். ஈ நெற்றிக்குப் போயிற்று. சுற்றி வந்து அந்தப் பக்கம் நின்று ஊதினார். மந்திரத்துக்கு நடுவே ஒரு கெட்ட வார்த்தையும் வந்தது.

ஒன்பதரைக்கு வரிச்சிக்குடியிலிருந்து தெட்சிணாமூர்த்தியின் தம்பி குஞ்சிதபாதம் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். நிலத்தில் வேலை செய்து காய்ந்த மனிதர், அண்ணன் மேல் உயிர். விழுந்து அழ வந்தவரை நான் வலைக்கு இரண்டடி முன்னால் நிறுத்திவிட்டேன்.

"என்னா அண்ணி இது? கொரோனா பாடியா? கூடப் பொறந்தவன் காலத் தொட்டுக் கும்புடக் கூடாதா?"

ராசாத்தியால் மந்திரத்தை விட்டுவிட்டுப் பதில் சொல்ல முடியாது. நான்தான் பேசினேன். "ஒக்காருங்க, பாருங்க. வலையத் தூக்கக் கூடாது. மூணு நாப்பது வரைக்கும்."

"யாரு சொன்னது?"

"ஒங்க அண்ணன்."

"பேச முடியாத ஆளு சொன்னாராக்கும்!"

"பேசுனாரு தம்பி" என்றார் ஆஸியா பீவி வாசற்படியிலிருந்து. "எனக்கும் இது ஒத்துக்காதுதான். ஆனா அண்ணன் சொன்னத நான் காதால கேட்டேன். மவுத்தானவர் வார்த்தய மீற முடியுமா? டீத்தண்ணி போட்டிருக்கேன், குடிங்க."

அவர் குடித்தார். பன்னிரண்டு மணிக்கு ஐஸ் பெட்டி வந்து வாசலில் நின்றது. உறவுக்காரர்கள் தெருவில் போட்ட நாற்காலிகளில் நிறைந்துவிட்டார்கள். குஞ்சிதபாதம் கால் மணிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தார். "சிஸ்டரம்மா, பொழுது சாயுறதுக்குள்ள எடுக்கணும். குளிப்பாட்டணும், கோடி போடணும், ஆயிரம் வேலை கெடக்கு." அவர் சொன்னதில் தவறில்லை. அவருடைய அண்ணன், அவருடைய முறை. ஆனால் இறந்தவரிடம் நான் ஒரு வார்த்தை கொடுத்திருந்தேன். கதவை ஒருக்களித்துச் சாத்தி, குறுக்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அறுபத்தொன்பது வயதுக் கிழவியை நாற்காலியோடு தூக்கிப் போட யாருக்கும் துணிவு வரவில்லை.

இரண்டு மணி வாக்கில் மேற்கு ஜன்னல் வழியாக வெயில் வந்தது. காற்று வரட்டும் என்று நான்தான் அதைத் திறந்து வைத்திருந்தேன். வெயில் முதலில் கட்டில் காலில் விழுந்தது, மெல்ல மேலே ஏறியது. பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

மூன்று நாற்பது ஆயிற்று. வலையைத் தூக்கினேன்.

"நீங்க தொட்டுப் பாருங்க சிஸ்டர். நான் தொட மாட்டேன்" என்றார் ராசாத்தி. குரல் கம்மிப் போயிருந்தது. எட்டு மணி நேரத்தில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

தலையிலிருந்து தொடங்கினேன். உச்சி சில்லிட்டிருந்தது. நெற்றியும் அப்படியே. நெஞ்சில் இருக்கிறதோ இல்லையோ என்று ஒரு வெதுவெதுப்பு. வயிற்றில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. கையைக் கீழே கொண்டுபோனேன். முழங்காலில் அது நின்றுவிட்டது. வேட்டிக்கு மேலேயே சூடு. பொய் சொல்ல எனக்குத் தெரியும். நோயாளிகளின் வீட்டாரிடம் எத்தனையோ சொல்லியிருக்கிறேன். ஆனால் நின்றுவிட்ட என் கையை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முட்டியா?"

"முட்டிதான். வெயிலு பட்டிருக்கு ராசாத்தி. ஜன்னலப் பாரு. நான்தான் சாத்தாம வுட்டுட்டேன்."

அவர் ஜன்னலைப் பார்க்கவில்லை. "அப்பவும் முட்டிதான்" என்றார். "அப்ப ஜன்னலு இல்லே."

"அப்ப என்னா இருந்துச்சு?"

"நான் இருந்தேன்."

வெளியே யாரோ இருமினார்கள். ராசாத்தி கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"பெரியவங்கள்லாம் தலைமாட்டுல ஒக்காந்து மந்திரம் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. இதே மாரி வலை. நான் கால்மாட்டுல உள்ள பூந்துட்டேன். தொடக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க சிஸ்டர். எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் பூந்தேன். அம்மா முட்டியக் கட்டிப் புடிச்சுக்கிட்டுப் படுத்தேன். தூங்கிட்டேன். பெரியம்மா வந்து காலப் புடிச்சு இழுத்தப்பதான் முழிச்சேன்."

"எத்தன மணிக்குப் பூந்தே?"

"மத்தியானம்."

"எப்ப இழுத்தாங்க?"

"வெளக்கு வெக்கிற நேரம்."

"ஒன்ன இழுத்துப் போட்டுட்டு, அந்தக் கையோடதான் பெரியம்மா தொட்டுப் பாத்தாங்களா?"

"ஆமா. ஒடனே."

"அப்ப அது யாரு சூடு?"

அவருக்குப் பிடிபடவில்லை. என் முகத்தையே பார்த்தார். எனக்கு இதமாகப் பேச வராது. நோயாளிக்கு மருந்தின் பெயரைச் சொல்வதுபோலத்தான் சொன்னேன்.

"பதினோரு வயசுப் புள்ள நாலு மணி நேரம் கட்டிக்கிட்டுக் கெடந்தா கருங்கல்லுகூட சூடாயிடும். அது ஒங்கம்மா சூடு இல்ல ராசாத்தி. ஒன் சூடு."

கதவுக்கு அந்தப் பக்கம் குஞ்சிதபாதம் தட்டினார். "அண்ணி! மணி நாலாவப் போவுது!"

ராசாத்தி திரும்பவில்லை. சட்டத்தை விட்டுவிட்டு மெதுவாகத் தலைமாட்டுக்குப் போனார். ஓரம் அடிப்பதற்கு முன் துணியை நீவுவாரே, அப்படிக் கணவரின் தலைமுடியை ஒருமுறை நீவிவிட்டார். பிறகு உள்ளங்கையை விரித்து அவருடைய உச்சந்தலையில் வைத்தார். எடுக்கவில்லை. மறுபடி கதவு தட்டப்பட்டது. நான் நாற்காலியை இழுத்து அதில் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டேன். மந்திரம் இல்லை. தரையில் அவருடைய வலது பாதம் முழுசாகப் பதிந்து அப்படியே கிடந்தது. கால் மணி நேரம் இருக்கும். அதன்பின் என்னைக் கூப்பிட்டு, என் கையைப் பிடித்து இழுத்து, தன் கை இருந்த இடத்தில் வைத்தார்.

"இப்ப தொட்டுப் பாருங்க சிஸ்டர்."

சூடாகத்தான் இருந்தது.